பம்புகள் நிற்கும் நாள்

யோஹ்வி நகரக் கலையரங்கின் ஓரத்தில்
எனக்கென்று ஒரு கண்ணாடிக் கூண்டு.
எஸ்தோனிய மொழி காதில் நுழையும்,
ரஷ்ய மொழியாய் வாயில் வெளியேறும்.
பிறகு தலைகீழாய்.
இடையில் நான் யாருமில்லை.
அதற்குத்தான் மணிக்கு நாற்பத்தைந்து யூரோ.

தலைநகரிலிருந்து வந்த குழுவில்
ஏழு உறுப்பினர்கள், ஏழு தண்ணீர் பாட்டில்கள்.
மசோதாவின் முழுப்பெயரை வாசிக்க
தலைவர் அல்லார் கிவிமைக்கு ஒரு மூச்சு போதவில்லை.
'நீதியான மாற்றம்'
முதல் மணி நேரத்தில் பதினொரு முறை வந்தது.
மாற்றத்துக்கு என் கைவசமிருந்த ரஷ்யச் சொல்
சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோடுகளையும் குறிக்கும்.
பின்வரிசைச் சுரங்கத் தொழிலாளர்கள்
வலமும் இடமும் பார்த்துக்கொண்டார்கள்.

சாட்சிக்கு நான்கு நிமிடம்.

லெய்லி பாயுவெர். காஸ்னுர்மெ கிராமம்.
நாற்பது பசுக்கள், ஒரு கிணறு.
கிணறு என்பது பழக்கதோஷம்,
பதினெட்டு ஆண்டுகளாக அது குழி என்றாள்.
சுரங்கம் எங்கள் வயலுக்கு அடியில் வந்த வருடம்,
செவ்வாய்க்கிழமை, தண்ணீர் போனது.
செவ்வாய்தான் என்று எப்படித் தெரியும்
என்று கம்பெனி வக்கீல் அன்றைக்கே கேட்டார்.
துவைக்கிற நாள், ஐயா.
முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றேன்.
சுரங்கத்தை மூடுங்கள், சந்தோஷம்.
என் தண்ணீரை யார் திருப்பித் தருவார்?

தலைவர் குறித்துக்கொண்டார்.
அல்லது குறித்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டார்.

அடுத்து ராவில் ஷகீரொவ், பம்பு மெக்கானிக்,
கழுத்துப்பட்டையை யாரோ கட்டிவிட்டிருக்கிறார்கள்.
குழுவைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது விதி.
அவர் லெய்லியைப் பார்த்துத் திரும்பினார்.

உங்கள் தண்ணீரை இறைத்தது நான்தான்.
இரவு ஷிப்ட், அறுபது மீட்டர் ஆழம்.
இறைக்காவிட்டால் கீழே நாங்கள் மூழ்கியிருப்போம்.
யாரும் திருப்பித் தர வேண்டாம், தானே வரும்.
பம்புகள் நிற்கிற அன்றைக்கே ஏறத் தொடங்கும்.
இரண்டு வருடம், அதிகம் போனால் மூன்று.
முதலில் கிணறு.
ஆனால் அதற்குக் கிணற்றோடு நிற்கத் தெரியாது.
உருளைக்கிழங்கு வைக்கிற நிலவறைக்கு வரும்,
மாட்டுக்கொட்டகைத் தரைக்கு வரும்.
கந்தகம் கலந்த தண்ணீர்.
பசு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புங்கள், என்னையும் சேர்த்து.
மூன்று பம்புகளை மட்டும் விட்டுவையுங்கள்.
மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று
ஒரு வரி எழுதுங்கள்.

அறுபத்திரண்டு பிரிவுகளையும் தலைவர் புரட்டினார்.
மறுபயிற்சிக்கு ஒரு பிரிவு, பத்திரங்களுக்கு ஒன்று,
அருங்காட்சியகத்துக்குக்கூட ஒன்று.
தண்ணீர் சொல்விளக்கத்தில் மட்டும் இருந்தது:
நிலத்தடி நீர் என்பது
நிலத்துக்கு அடியில் உள்ள நீர்.

எவ்வளவு உயரம் வரும்? இது லெய்லி,
ஒலிவாங்கி இல்லாமல், ரஷ்ய மொழியில்.
ராவில் இடுப்பருகே கையை நிறுத்தி
எஸ்தோனிய மொழியில் பதில் சொன்னார்:
நிலவறையில் இவ்வளவு வரும்.

இருவருமே காதுக்கருவி மாட்டியிருக்கவில்லை.
காலையிலிருந்தே மாட்டவில்லை.
நான் யாருக்காகப் பேசிக்கொண்டிருந்தேன்?

யாருடைய நிலவறையில் என்று
தலைவர் தெளிவு கேட்டார், பதிவுக்காக.
ராவில் யோசித்துச் சொன்ன ஒற்றைச் சொல்லில்
அவளும் இருந்தாளா இல்லையா என்று
அந்த மொழியைக் கேட்டால் தெரியாது.
எங்களுடையதையும் நம்முடையதையும்
அது ஒரே பையில் போட்டுக் கட்டிவிடும்.
ரஷ்யமும் அப்படித்தான்.
ஆகவே ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு
அவிழ்க்காமல் மாற்றினேன்.

திருத்தங்கள் வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள்
வந்து சேர வேண்டும் என்று சொல்லி எழுந்தார்கள்.
ஏழில் மூன்று பாட்டில்கள் திறக்கப்படவேயில்லை.
வாகன நிறுத்தத்தில், லெய்லியின் வேன் கண்ணாடியில்
படிந்திருந்த சாம்பல்தூசியில்
ராவில் விரலால் ஒரு வீட்டை வரைந்தார்,
அதன் குறுக்கே ஒரு கோடு.
அவள் அதைத் துடைத்துவிட்டு
கொஞ்சம் மேலே போட்டாள்.
இல்லை இல்லை என்று அவர் தலையாட்ட,
மறுபடி அழித்தார்கள்.