கடைசியாக மூடியது

ஹெல்டெர்மா துறைமுகத்தின் டிக்கெட் கூண்டில்
எனக்கு எதிரே இரண்டு ஜன்னல்கள்.
ஒன்று கண்ணாடி.
அதில் கடல், வரிசை கட்டிய கார்கள்,
உப்பு படிந்த வைப்பர்கள்.
மற்றது கம்ப்யூட்டர் திரையின் இடது மூலையில்
தபால்தலைக்கு அண்ணன் மாதிரி ஒன்று.

ஏழு வருடமாக ஒவ்வொரு காலையும்
அது அரைக்கண்தான் திறந்தது.
ஓரத்தை மவுஸால் பிடித்து
பெயர், வண்டி எண், கட்டணம்
தெரியுமளவுக்கு இழுப்பேன்.
அதற்கு மேல் இழுக்க
ஆறு மணிக் கப்பல் நேரம் தராது.

இந்த மார்ச்சில் மூக்குக்கண்ணாடி மாறியது.
எழுத்தைப் பெரிதாக்கினேன், கட்டணம் ஓரத்தில் மறைந்தது.
தாலினுக்குப் போன் போட்டேன்.
எதையோ மென்றபடி ரைவோ சொன்னான்:
ஐகான் மேல் வலது சொடுக்கு,
பண்புகள்,
எப்படித் திறக்க என்று கேட்கும் இடத்தில்
முழுதாக என்று சொல்.

சொன்னேன். ஒருநாள் முழுதாகத் திறந்தது.
மறுநாள்
பழைய குருடி கதவைத் திறடி.

மறுபடியும் போன்.
"வைகே, ராத்திரி கடைசியாக எதை மூடுகிறாய்?"
இதுவரை யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி.
யோசித்தேன். ரசீது வரும் குட்டி ஜன்னலை.
"அதுதான். கடைசியாக மூடியது எந்த அளவோ
அதையே அது ஞாபகம் வைத்துக்கொள்ளும்.
குட்டிகளை முதலில் மூடு.
பெரியதை விரித்தபடியே கடைசியில்."

சிரித்துவிட்டேன்.
என் முதல் புருஷனும் அப்படித்தான்.
பதினோரு வருடத்தில் அவனுக்கு ஞாபகம் இருப்பது
கடைசி வாரமும் ஒரு சீஸ் கத்தியும்.

இன்று காலை
சுவர் முதல் சுவர் வரை திறந்தது திரை.
கட்டணத்துக்கு வலப்பக்கம், அங்கே இருக்கும் என்று
நான் நினைத்தே பார்க்காத இடத்தில்
இன்னொரு பத்தி.
பயணி குறிப்பு.

நாய்க்கு இன்ஜின் சத்தம் பயம், ஓரமாக இடம் கிடைக்குமா.
எட்டாம் மாதம், படி ஏற முடியாது.
ரசீது வேண்டாம்.
ரசீது கட்டாயம் வேண்டும்.
உங்கள் கூண்டில் இருக்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.
(அந்தச் செடி செத்து மூன்று வருடம்.)

கீழே கீழே போனேன்.
முந்தின வருடத்து நவம்பர், பத்து மணிக் கப்பல்:
எங்கள் வேனில் அப்பாவின் சவப்பெட்டி.
ஹாப்சலு கோயிலில் பன்னிரண்டுக்கு அடக்கம்.
தயவுசெய்து முதலில் இறங்க விடுங்கள்.

சாம்பல் நிற வேன். ஞாபகம் இருக்கிறது.
மூன்றாவது வரிசை என்று கை காட்டினேன்,
மரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால்.
ஓட்டிவந்தவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார்.
நன்றி என்றார்.
கேட்டதற்கு நான் இல்லை என்று சொன்னதாகவே
அவர் எடுத்துக்கொண்டிருப்பார்.
லாரி இறங்க எவ்வளவு நேரம் பிடித்ததோ.
அன்று பனிமூட்டமும் இருந்தது.

கண்ணாடியைத் தட்டும் சத்தம்.
பச்சைத் தொப்பி போட்ட பெண், இரண்டு சைக்கிள்கள்.
அவளுடைய வரிசையின் கடைசிவரை போய்ப் பார்த்தேன்.
குறிப்பு எதுவும் இல்லை, காலி.
ஆனாலும் கேட்டேன்:
"வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?"

வேறு யாரையோ கேட்கிறேன் என்று நினைத்து
பின்னால் திரும்பிப் பார்த்தாள்.
இல்லை, என்றாள்.
டிக்கெட்டை வாங்கி மடித்து
கையுறைக்குள் வைத்த பிறகு,
"ஒரு சைக்கிள் என் தம்பியுடையது.
அவன் வரவில்லை."