புரோல்கா, சாரஸ், தெரியவில்லை

மலாண்டா பால் ஆலைக்கு
டேங்கர் ஓட்டுகிறவன் நான்.
ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மட்டும்
பறவை எண்ணுகிறவன்.

புரோம்ஃபீல்டு சதுப்பு
ஓர் எரிமலை ஆறிப்போன வாய்.
அதன் உதட்டில் மடக்குநாற்காலி போட்டு
பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறோம்
காதுமடல் விறைக்க.
ஃபிலிப்பா மக்ராரி படிவம் நீட்டுகிறாள்.
மூன்று கட்டங்கள், ஒரு பென்சில்.

சிவப்பு தலையோடு நின்றுவிட்டால் புரோல்கா,
கழுத்தில் வழிந்தால் சாரஸ்.
தாடைக்குக் கீழே தொங்கினால் புரோல்கா.
கால் கருத்திருந்தால் புரோல்கா,
இளஞ்சிவப்பென்றால் சாரஸ்.
மாலை ஐந்தரை வெயிலில்
எல்லாக் கால்களும் இளஞ்சிவப்பு.

"உங்கள் மொழியில் இதற்கென்ன பேர்?"
பக்கத்து நாற்காலி கேட்டது.
கொக்கு என்றேன்.
சொன்ன வாயோடு, கொக்கு இத்தனை உயரமில்லையே என்று பட்டது.
நாரை என்றேன்.
நாரை மரத்தில் அடையும்.
இதற்குக் கிளையைப் பற்றப் பின்விரல் போதாது;
தண்ணீரில் நின்றபடியே தூங்கவேண்டும்.
குடும்பத்தில் பதினைந்து இனம்,
மரத்தில் உட்காரத் தெரிந்தவை இரண்டே,
இரண்டும் ஆப்பிரிக்காவில்.
கடைசியில் பெருங்கொக்கு என்று
அங்கேயே ஒன்றைச் செய்து கொடுத்தேன்.

சிரிக்கவேண்டாம்.
லத்தீனில் பேர் வைத்தவரும் சாரஸை முதலில்
நாரைகளோடுதான் சேர்த்து வைத்தார்.
அப்புறம் வேறு பெட்டிக்கு மாற்றினார்கள்.
இரண்டு நூற்றாண்டு கழித்து மரபணு பார்த்து
அங்கிருந்தும் எடுத்தார்கள்.
அதுவரை பறவை
மக்காச்சோளம் தின்றுகொண்டிருந்தது.

"என் மக்காச்சோளம்" என்றான் டெஸ் டிரேகார்த்தன்.
அவன் எண்ண வரவில்லை.
பிடுங்கிய முளைகளை
ஷாப்பிங் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான்,
சாட்சிக்கு.

முதலில் சத்தம் வந்தது.
மார்பெலும்புக்குள் சுருண்டு கிடக்கும் மூச்சுக்குழல்
ஒரு மைல் தூரத்திலிருந்தே ஊதிக்கொண்டு வரும்.
பிறகு வரிசைகள்.
நாற்பது, எழுபது, தப்பிவிட்டது, மறுபடி எழுபது.

கரையோரம் ஒரு ஜோடி இறங்கியது,
நடுவில் தவிட்டுநிறத் தலையோடு குஞ்சு.
ஒன்று சாரஸ், சந்தேகமில்லை.
மற்றதன் கழுத்தில் சிவப்பு
பாதி வழியில் மனம் மாறி நின்றிருந்தது.
தாடையில் லேசாகத் தொங்கல்.
கால்? டெலஸ்கோப்பில் மூன்று பேர் பார்த்தோம்,
மூன்று நிறம்.

"கலப்பு" என்றாள் ஃபிலிப்பா. "சரோல்கா."
எந்தக் கட்டம்?
"தெரியவில்லையில் போடு."
தெரிகிறதே, என்றேன்.
இந்தச் சாயங்காலம் முழுக்க
இவ்வளவு நன்றாகத் தெரிந்த பறவை
வேறொன்றும் இல்லையே.
அவள் கையுறையைக் கழற்றி
மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.
"கட்டம் மூன்றுதான்."

குஞ்சை எதில் போடுவதென்று
நான் கேட்கவில்லை.
டெஸ் பையைத் தூக்கிக்கொண்டு
"எல்லாம் ஒரே வயிறு" என்று
ஜீப்புக்குப் போனான்.

புரோல்கா நூற்றுத் தொண்ணூறு.
சாரஸ் முந்நூற்றுப் பதினான்கு.
தெரியவில்லை எண்ணூற்று இரண்டு,
இருட்டிய பிறகு வந்ததெல்லாம் சேர்த்து.

விடிய நாலு மணிக்கு
ஏழு பண்ணைப் பாலை ஒரே தொட்டியில் ஏற்றிக்கொண்டு,
ரசீது மட்டும் ஏழாக,
டிரேகார்த்தன் கேட்டைக் கடந்தேன்.
மூடுபனியில் ஒன்று
வேலியோரம் தனியாக நின்றது.
ஹெட்லைட்டை இறக்கினேன், கால் பார்க்க.

வெள்ளையாக இருந்தது.