எடை மேடை

பாடம் நான்கு: இடமும் கவிதையும்.
அஞ்சல் வழிப் படிப்பு, நடத்த ஆள் இல்லை.
கருப்பூர் வெள்ளைக்கல் சுரங்கத்து வாசலில்
ஒன்பதுக்கு ஆறடி அறை,
ஒரு கம்ப்யூட்டர், நான்.

லாரி ஏறும். எண் துடிக்கும். நிற்கும்.
மொத்த எடையில் வண்டி எடை போனால்
மிச்சம் மலை.
சீட்டைக் கிழித்து நீட்டுவேன்.
செங்கோடன் அண்ணன் முகமெல்லாம் வெள்ளை;
கண்ணை மூடித் திறந்தால்
இமையோரம் ஒரு கோடு கறுப்பு.

நேற்று நான்கு லாரிகளுக்கு நடுவே படித்தது:
யாரோ ஓர் ஆங்கிலேயர், ஏதோ ஓர் ஆலை ஊர்.
கால்வாய்ப் பாலத்தில் நின்று
தண்ணீரைப் பார்க்கிறார்.
புகைபோக்கி. மழை. ஒரு கொக்கு.
பத்தொன்பது வரியிலும்
அவரை யாரும் கூப்பிடவில்லை.
எனக்கு மனசு கேட்கவில்லை.
சாப்பிட்டாச்சா என்றாவது
ஒருத்தர் கேட்டிருக்கலாம்.

புகைபோக்கிமேல் அவருக்குக் கோபம் போல.
இருக்கட்டும்.
எங்கள் சூளைப் புகைபோக்கிதான்
என் பரீட்சைக் கட்டணம் கட்டியது.

'மூர்' என்று ஒரு சொல்.
அகராதி கரம்பு என்கிறது, சதுப்பும் என்கிறது.
ஜன்னலைப் பார்த்தேன்.
தோண்டி விட்டுப்போன குழியில் பச்சைத் தண்ணீர்,
கரையில் மாவு படிந்த ஆவாரை,
அதற்கும் அப்பால் சேர்வராயன்,
வளைவு வளைவாக விளக்கோடு ஏறும் கார்கள்.
மேலே இப்போது காப்பி பூத்திருக்குமாம்.
இருபத்தாறு வருஷமாக அடிவாரத்தில் இருக்கிறேன்,
அந்த வாசனை
ஒரு லாரியிலும் வந்ததில்லை.

இயற்கை, தொழில்மயம், தனிமை:
மூன்றையும் தொடர்புபடுத்தி எழுதுக.
பதினைந்து மதிப்பெண்.
ஞாயிற்றுக்கிழமை அஸ்தம்பட்டியில் பரீட்சை.

விடிகாலை ஐந்தே முக்கால். லாரி இல்லை.
மேடைமேல் ஒரு மயில் நடந்து போனது.
சைபர்.
இருபது கிலோவுக்குக் கீழே
அதற்கு ஒன்றும் தெரியாது.

செருப்பைக் கழற்றிவிட்டு நானும் ஏறினேன்.
இரும்பு ஜில்லென்று இருந்தது.
கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன்: அறுபது.
போன வாரம் ஆஸ்பத்திரியில் ஐம்பத்திரண்டு.
இருபது இருபதாகத்தான் எண்ணும் இந்த மிஷின்,
தெரியும், நான்தானே ஓட்டுகிறேன்.
இருந்தாலும் இறங்காமல் நின்றேன்
யாருடையது என்று தெரியாத
அந்த எட்டுக் கிலோவோடு.

பாலத்து ஆளை நிறுத்தியிருந்தால்
எவ்வளவு காட்டியிருக்கும்?

ஹாரன். முதல் நடை.
"என்ன புள்ள, உனக்கும் சீட்டுப் போடட்டா?"
தூசியில் பல் மட்டும் தெரிய
செங்கோடன் அண்ணன் சிரிக்கிறார்.

இறங்கி வழிவிட்டேன்.
செருப்பு ஒன்றைக் காணோம்,
லாரிக்கு அடியில் இருக்கும்.