கூம்புக்கு இரண்டு மீட்டர் முன்னால்

சோங்குல்டாக்கில் எல்லாத் தெருவும் மேடு.
இந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்
பாதிப் பரீட்சையை வெளியிலேயே எழுதிவிடுகிறார்.
முதலில் பத்து நிமிடம் உட்கார வைக்கிறேன்,
ஒன்றும் கேட்காமல்.

அதற்குள் தரையை ஒரு தடவை உரசிப் பார்க்கிறேன்,
இரவு கழுவிய ஈரம் எங்காவது மிச்சமா என்று.
இந்தக் கோடியில் ஒரு ஆரஞ்சுக் கூம்பு,
அந்தக் கோடியில் ஒன்று,
நடுவே முப்பது மீட்டர்.
ஆக்சிஜன் சிலிண்டரின் முள் சரி.
நாற்காலி சுவரோரம்.
நாற்காலியில் உட்கார்ந்தால் தோல்வி இல்லை என்று
எல்லோரிடமும் சொல்கிறேன்.
ஒருவரும் நம்பியதில்லை.

துர்சுன் அய்வாஸ், அறுபத்தெட்டு.
இருபத்தாறு வருடம் நிலக்கரி.
விரலை ஆக்சிமீட்டர் கவ்வ,
நகத்தடிக் கரியைத் தாண்டிப் போன வெளிச்சம்
தொண்ணூற்று மூன்று என்றது.
மூச்சுவாங்கல் பத்துக்கு எவ்வளவு?
"ஒன்று. இல்லை, அரை போடு."

தாளில் இருப்பதை ஒரு சொல் கூட்டாமல் வாசித்தேன்:
ஆறு நிமிடம். முடிந்த மட்டும் தூரம். ஓடக் கூடாது.
மெதுவாகப் போகலாம், நிற்கலாம், சுவரில் சாயலாம்.
நீங்கள் நின்றாலும் கடிகாரம் நிற்காது.
"அது எங்களுக்குத் தெரிந்ததுதான்" என்றார்.

நான் பக்கத்தில் நடப்பதில்லை.
நடந்தால் என் வேகம் அவர் கால்களுக்குள் புகுந்துவிடும்.
அரை அடி பின்னால்,
தொடாமல், தொட்டுவிடும் தூரத்தில் கை.
நிமிடத்துக்கு ஒரு வாக்கியம்தான் எனக்கு:
நன்றாகச் செய்கிறீர்கள், இன்னும் ஐந்து நிமிடம்.
அதே குரல். சபாஷ் கிடையாது.

பெஞ்சில் யாக்கூப், அடுத்த முறைக்காரர்.
இருவரும் ஒரே சுரங்கம், ஒரே ஷிப்ட்.
ஏதோ ஒரு வேலைநிறுத்தத்தில் அறுந்த பேச்சு
இன்னும் ஒட்டவில்லை.
அவரை வேறு அறையில் உட்கார்த்தியிருக்க வேண்டும்.
அது என் பிழை; தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

மூன்றாம் நிமிடம்,
பெஞ்சைக் கடக்கும்போதெல்லாம்
துர்சுனின் முதுகு ஒரு விரற்கடை நிமிர்ந்தது.
எண்பத்தாறு.
கூம்பைச் சுற்றும்போது பையனைப் போலத் திரும்பினார்.
எண்பத்திரண்டு.
உதடு கத்தரிப்பூ நிறம்.
ஒன்பதாவது நடையில்
இடது கால் வலது காலின் வழியை மறித்தது.

துர், என்றேன்.

எங்கள் பேச்சில் நில் என்பதற்கு அதுதான் சொல்.
பேருந்துக்கும் நாய்க்கும்
சாலையோரக் குழந்தைக்கும் அதுவே.
அவருக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை.
நான்காவதை வாரி எடுத்த தாய்
கெஞ்சியதையே பேராக வைத்துவிட்டாள்:
துர்சுன். இவனாவது நிற்கட்டும்.

பாதிப் பேரிலேயே நின்றார்.

நாற்காலியை நான்தான் அவரிடம் கொண்டு போனேன்.
என் முழங்கையில் விழுந்த பாரம்
பெரும்பாலும் கோட்டுடையது.
மூக்கில் குழாய். மணிக்கட்டில் என் மூன்று விரல்.
மடியில் கடிகாரம், விதிப்படி, ஓடிக்கொண்டே.
நான்கு நாற்பது. ஐந்து.
மழை ஜன்னலில் எதையோ எண்ணிற்று.
எழுபத்தொன்பதிலிருந்து எண்கள்
ஏணியேறி வந்தன, ஒவ்வொரு படியிலும் யோசித்து.

"கூம்பைத் தொட்டிருப்பேன்."
தெரியும்.
"நான் நிற்கவில்லை. நீ நிறுத்தினாய். அப்படியே எழுது."

இருநூற்று அறுபத்தெட்டு மீட்டர்.
நிறுத்தியவர்: பரிசோதகர்.
அப்படியே எழுதினேன்.

அவரை உள்ளறையில் படுக்க வைத்து,
மருத்துவர் வந்து பார்த்த பிறகு,
இந்தத் தடவை கதவைச் சாத்தினேன்.
அவர் நின்ற இடத்தில் தூரம் அளக்க ஒட்டிய டேப்பை
மண்டியிட்டு உரித்தேன்.
அடுத்தவருக்கு இலக்கு எதுவும் தெரியக் கூடாது.

பசை மட்டும் கொஞ்சம் தங்கிவிட்டது.
யாக்கூப் நடந்தார்.
நன்றாகச் செய்கிறீர்கள், இன்னும் ஐந்து நிமிடம்.
போகும்போதும் வரும்போதும்
அந்த இடத்தை மிதிக்காமல்
காலை எட்டி வைத்தார்.