இரண்டாம் பக்கம்

குட்டாய்சி மேல்முறையீட்டு மன்றம்,
மூன்றாம் அறை. ஹீட்டர் ஓடவில்லை.
நீதிபதிகள் மூவரும் அங்கிக்குள்
கம்பளிச் சட்டை போட்டிருந்தார்கள்.
நடுவில் இருந்தவருக்குச் சளி.
என் பதினோரு மாதத்தை
மூக்கைத் துடைத்துத் துடைத்து வாசித்தார்:
மக்வாலா, வயது ஐம்பத்தெட்டு, விதவை.
கணவர் கையொப்பத்தைப் போலியாக இட்டது
இரண்டு பக்கங்களில்.
கீழ்க்கோர்ட்டு கொடுத்தது இரண்டு வருடம்.

பக்கத்துக்கு ஒரு வருடம் என்று
ருஸ்தாவி சிறையில்
கூட இருந்தவள் கணக்குச் சொன்னாள்.

வார்லமுக்கு நவம்பரில்
வலப்பக்கம் விழுந்துவிட்டது.
பேச்சில் மிஞ்சியது 'ஹோ' மட்டும்.
எங்கள் மொழியில் அதற்கு ஆமாம் என்று பொருள்.
பசித்தாலும் ஹோ, வலித்தாலும் ஹோ,
வேண்டாம் என்பதற்கும் அதேதான்.
ஹேசல்கொட்டைத் தோட்டத்தை விற்று
ஆஸ்பத்திரிக் கடனை அடைப்போமா என்றேன்.
ஹோ.

மடியில் ரொட்டிப் பலகை, அதன்மேல் பத்திரம்.
பேனாவை விரலிடுக்கில் செருகி
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.
முப்பத்தாறு வருடம் முன்னால்
என்னைக் கைப்பிடித்தவர்.
ஒரு தடவை நான் பிடித்தால் என்ன.
பேனா இழுத்தது, நின்றது,
தாளைக் கிழிக்கப் பார்த்தது.
எந்த வளைவு அவருடையது,
எது என்னுடையது,
அன்றைக்கே எனக்குத் தெரியவில்லை.

முதல் பக்கம் முடிந்ததும் தூங்கிப்போனார்.
நோட்டரி ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவான்.
இரண்டாம் பக்கத்தை
அடுப்படி மேசையில் நானே போட்டேன்.
மின்சார பில், பள்ளிக்கூட ரசீது,
திராட்சைக் கூட்டுறவுப் பதிவேடு என்று
அவர் பெயரில் நான் போடாத இடமா.
ஒரே இழுப்பு. கை நடுங்கவேயில்லை.

நாற்பதாம் நாள் சாப்பாடு செரிக்கும் முன்பே
கொழுந்தன் உஷாங்கி புகார் கொடுத்தான்.

என் வக்கீல் எலிசோ சின்னப் பெண்.
கோப்பைக் குழந்தையைப் போல
மார்போடு அணைத்துத்தான் நடப்பாள்.
அவளிடம்கூட இரண்டாம் பக்கத்தைச் சொல்லவில்லை நான்.
நல்லாயிருந்தபோது போட்ட கையெழுத்தையும்
நோயாளியின் கையெழுத்தையும்
எப்படி ஒப்பிட்டீர்கள் என்று மேசையைத் தட்டினாள்.
மறு ஆய்வு வேண்டும் என்றாள். கொடுத்தார்கள்.

திபிலிசியிலிருந்து வந்த அறிக்கை
இருபத்திரண்டு தாள்.
பக்கம் ஒன்று: அழுத்தம் சீராக இல்லை,
அங்கங்கே தயக்கம்,
பார்த்து வரைந்த தடயம். போலி.
பக்கம் இரண்டு: இயல்பான ஓட்டம்.
நோய்க்கு முன்பே
உரியவர் இட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
இருமலாக மாற்றிக்கொண்டேன்.
சளி பிடித்த நீதிபதி
என்னை அனுதாபமாகப் பார்த்தார்.

ஒரு குற்றச்சாட்டு தள்ளுபடி.
மற்றது உறுதி.
இருந்த நாளே தண்டனை, மேற்கொண்டு அபராதம்.

எலிசோ கட்டிக்கொண்டாள். பாதி ஜெயிச்சாச்சு,
மீதிக்கு உச்ச நீதிமன்றம் போகலாம்,
ஒரு மாசம் டைம் இருக்கு என்றாள்.
மீதி.
அவள் ஜெயித்தது நான் செய்ததை.
தோற்றது நாங்கள் செய்ததை.
அதை மீட்க வேண்டுமானால்
இதைச் சொல்லியாக வேண்டும்.
பார்க்கலாம் என்றேன்.
அவளுக்கு அடுத்த கேஸ் இருந்தது.

தீர்ப்பு நகல் வாங்கியதற்கு
எழுத்தர் பதிவேட்டை நகர்த்தினார்.
பேனா தொட்டு நாளாயிற்று.
முதலெழுத்திலேயே தடுக்கி
மை ஒரு பொட்டாய்ப் பரவியது.
எவரும் பார்த்து வரைந்தது என்பார்கள், என் பெயரையே.
அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.
முத்திரை குத்தி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே ரியோனி ஆறு
மழைத்தண்ணீரில் கலங்கிப் போனது.
மினிபஸ்காரன் என் மூட்டையை வாங்கி
சீட்டுக்கு அடியில் தள்ளினான்.
வீட்டுக்குத்தானே, அம்மா?
ஹோ என்றேன்.