பச்சைப் புள்ளி

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மேல்
கீழமாசி வீதிக் கிளையில் கூட்டம் குறையும்.
"அஞ்சு ரூபா, நாலு பை" என்பேன்.
ஜெபராணி மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.
"டீக்கடையா சார்?"
"ஆமா மேடம்."
முதல் தடவை வாயில் வந்த பொய் அது.
அதைக் காப்பாற்ற
வில்லாபுரத்தில் வேறொரு வங்கியில்
கணக்குத் தொடங்க வேண்டியதாயிற்று.
வாங்கின சில்லறையை
எந்த டீக்கடைக்காரன் திருப்பிக் கட்டுவான்?

ராத்திரி ஜெராக்ஸ் கடை ஷட்டரைப் பாதி இறக்கி
பழைய வேட்டியில் கொட்டுவேன்.
நானூறு காசு.
மீன், வியர்வை, சாம்பிராணி,
எல்லாம் சேர்ந்த ஒரு துரு வாசம்.
வருஷத்துக்கு அடியில் லென்ஸ் வைத்தால்
நட்சத்திரம் ஹைதராபாத்,
புள்ளி நொய்டா,
ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா.
அந்த ஒன்றுமில்லாததைத்தான்
அதிகம் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும்.

பார்த்து முடித்த காசின் விளிம்பில்
சிவப்பு நகப்பூச்சு, ஒரு சொட்டு.
மறுபடி வந்தால் நேரம் மிச்சம்.
"காசுக்குப் பொட்டு வைக்கிற ஆளை
மதுரையிலேயே நான்தான் கட்டியிருக்கேன்"
என்பாள் சுகந்தி.

பொட்டு வைத்தவை ஊர் சுற்றிவிட்டு வரும்.
ஒன்று மாட்டுத்தாவணிக் கட்டணக் கழிப்பறையில்
மீதிச் சில்லறையாய்.
ஒன்று திருமங்கலம் பஸ்ஸில்
கண்டக்டர் என் உள்ளங்கையில் அழுத்தியது.
டிக்கெட்டை விட்டுவிட்டுக்
காசைப் பார்த்துச் சிரித்தேன்,
பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

நாலு வருஷம். வெள்ளி ஒன்றுகூட இல்லை.

ஆடி மாதம் ஒரு பையில் பச்சைப் புள்ளி வந்தது.
பெயின்ட் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.
அடுத்த பையில் மூன்று.
அதற்கடுத்ததில் பதினொன்று,
எல்லாம் விளிம்பில், எல்லாம் ஒரே அளவு,
என்னுடையதைவிட நிதானமான கை.

யாரோ எனக்கு முன்னால் பார்த்துவிட்டார்கள்.
அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு அது விழுந்தது.
நூறு காசு சரிகிற சத்தத்துக்குள்
ஒன்று மட்டும் வேறு மாதிரிச் சொன்னது.
அரை ரூபாய், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு,
கிரீடம் வைத்த ராஜா, மூக்கு தேய்ந்து.
எண்ணும் மிஷினுக்கு எடையும் அளவும்
அஞ்சு ரூபாயாகத் தெரிந்திருக்கும்.
பாதி வெள்ளி.
திருப்பினேன்.
விளிம்பில் பச்சை.

பார்த்திருக்கிறார்.
கையில் வைத்து, லென்ஸ் வைத்து,
புள்ளியும் வைத்து,
போ என்று விட்டிருக்கிறார்.
தெரியாமல் விட்டாரா? அந்தக் கைக்குத் தெரியாமலா?
எனக்காகவா?
என்னை யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்,
என் சிவப்பைத் தவிர.

திருப்பி அனுப்பிவிடலாமா என்று
ஒரு நிமிஷம் யோசித்தேன்.
ஒரு நிமிஷம்தான்.
நான் அவ்வளவு பெரிய மனுஷன் இல்லை.
சட்டைப்பையிலிருந்து ஒரு அஞ்சு ரூபாயை எடுத்துக்
கணக்கை நூறாக்கினேன்.
அதற்குப் பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வைத்தேன்.

இப்போதெல்லாம் வரிசையில்
முன்னால் நிற்பவர்களின் நகங்களைப் பார்க்கிறேன்.
பச்சை இல்லை.
மருதாணி, சுண்ணாம்பு, கிரீஸ், ஓட்டுப் போட்ட மை.

"டீக்கடை எப்படிப் போகுது சார்?"
என்றார் ஜெபராணி மேடம், பைகளைத் தள்ளியபடி.
"பரவாயில்ல மேடம்.
பக்கத்துலயே இன்னொரு கடை போட்டிருக்காங்க."