வீட்டை உலுக்குதல்

புத்தாண்டுக்கு முன் வீட்டைக் கழுவிக் கவிழ்ப்பதற்கு
எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு:
வீட்டை உலுக்குதல்.
இந்த வருஷம் அந்தச் சொல்லை
யாரும் வாயில் எடுக்கவில்லை.
குளிர் தொடங்கிய ஒரு ராத்திரி
ஸாக்ரோஸ் மலை அதை
எங்களுக்காகச் செய்துவிட்டிருந்தது.

இப்போது தகரப் பெட்டி ஒன்றில் இருக்கிறோம், நாலு பேர்.
துடைக்க ஆரம்பித்தால்
தேநீர் கொதிப்பதற்குள் முடிந்துவிடும்.
முடிந்துவிட்டது.
ஹேரான் துணியைப் பிழிந்தாள். சுற்றிப் பார்த்தாள்.
"இது வீடா, டப்பா" என்றாள்.
வாளி, துடைப்பம், சமையல் சோடா,
என்னுடைய பழைய பனியன் ஒன்று,
எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

நாளைக்கு இயந்திரம் வருகிறது.
இடிபாடு அள்ளும் பட்டியலில் நாங்கள் நாற்பத்தொன்று.
"அள்ளிக் கொட்டப் போகிறதைக் கழுவுவாயா?" என்றேன்.
"பிள்ளையை மூக்கு ஒழுக
யாராவது வெளியே அனுப்புவார்களா?"

முதலில் அடுப்படி.
கூரையைக் குளிர்காலத்திலேயே விலக்கிவிட்டார்கள்,
சுவர் முழங்காலளவு.
செங்கல் துண்டுகளை ஓரமாக அடுக்கினாள்,
எறியவில்லை, அடுக்கினாள்.
அடியில் பச்சை ஓடுகள் வந்தன.
அடுப்புக்கு நேர் கீழே ஒன்றில் விரிசல்.
அது மலை செய்ததல்ல,
போன வருஷம் நான் சிலிண்டரைப் போட்டது.
அதை நினைவு வைத்திருந்து
நிதானமாக மறுபடியும் திட்டினாள்.
எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது.
வீடே விழுந்திருக்கிறது, பிசுக்கு விழவில்லை.
சோடா தூவி, மண்டியிட்டு, தேய்த்தாள் தேய்த்தாள்
அப்படித் தேய்த்தாள்.

கூடம்.
கம்பளம் போய்விட்டது,
கம்பளம் கிடந்த இடம் மட்டும்
வெளிறாத செவ்வகமாக இருந்தது.
உதவலாம் என்று சரிவிலிருந்து நேரே
உள்ளே கால் வைத்தேன்.
"அங்கே சுவர்" என்றாள்.
சுற்றிப் போய் வாசல் வழியாக வந்தேன்,
செருப்பைக் கழற்றிவிட்டு.

எங்கள் படுக்கையறையைச் சீக்கிரம் முடித்துவிட்டாள்.
மழை பாதி வேலையைப் பார்த்துவிட்டது என்றாள்.
ஒரு கொண்டை ஊசி கிடைத்தது.
காட்டவில்லை, பையில் போட்டுக்கொண்டாள்.

பின்னறை வாடகைக்கு விட்டது.
கணக்கு வாத்தியார் கமாங்கீர், தனி ஆள்.
ஆறு வருஷத்தில் ஹேரான் அதற்குள் போனதில்லை.
தட்டுவாள், மூடிய கிண்ணத்தை வைப்பாள், வந்துவிடுவாள்.
மறுநாள் கிண்ணம் கழுவித் திரும்பி வரும்,
உள்ளே இரண்டு வாதுமைப் பருப்பு.
அவரை மூன்றாம் நாள்தான் வெளியே எடுக்க முடிந்தது.

நிலைப்படி மட்டும் மிச்சம்.
அதன் முன் நின்றாள்.
வாளியின் விளிம்பில் விரல் மடக்கி
இரண்டு முறை தட்டினாள்.

நான் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நெடுநேரம் கழித்துத் துடைப்பச் சத்தம் கேட்டது.
சாக்பீஸ் தூள்.
எத்தனை வாளி ஊற்றினாலும்
தண்ணீர் பாலாகவே வெளியேறிக்கொண்டிருந்தது.

நாளை என்ற இயந்திரம்
அன்று சாயங்காலமே உறுமிக்கொண்டு வந்தது.
ஓட்டுகிறவன் ஸான்யார், கெர்மான்ஷாப் பையன்,
மீசை இன்னும் முடிவு செய்யவில்லை.
"அம்மா, நாற்பது சீக்கிரம் முடிந்துவிட்டது,
இதையும் இன்றைக்கே..."
அவள் நிமிரவில்லை.
"தரை ஈரமாக இருக்கிறது."
அவன் என்னைப் பார்த்தான்.
எனக்கும் வேறு பதில் தெரியவில்லை.
"காயட்டும்" என்றேன்.

என்ஜினை அணைத்தான்.
மூன்று பேரும் வெளியே உட்கார்ந்தோம்,
வெளியே என்று அவள் காட்டிய இடத்தில்.
பிளாஸ்கில் கொஞ்சம் தேநீர் இருந்தது.
காற்று இல்லாத நாள்.
மெதுவாகத்தான் காய்ந்தது.